போன் கடலில் விழுந்தால் கணக்கு என்னாகும்? லேயர்-2 கணக்கு முறைகள் ஓர் ஒப்பீடு

பிளாக்செயினில் (பல கணினிகள் சேர்ந்து காக்கும் பொதுக் கணக்கேடு, சுருக்கமாகச் செயின்) பயனரின் கணக்கை எந்த முறையில் வைப்பது என்ற ஒரே கேள்வி வேறு வேறு வடிவில் வந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவரும் ஊரில் இருப்பவரும் சேர்ந்து நடத்தும் குடும்பக் கணக்குக்கு ஒரு செயலி எழுதும் கீழக்கரைத் தம்பி கேட்கிறார். மண்டபம் பக்கம் பாசி வளர்க்கும் பெண்கள் குழுக்களின் எடைச் சீட்டையும் பட்டுவாடாவையும் செயினில் பதியலாமா என்று யோசிப்பவர்கள் கேட்கிறார்கள். மீன் ஏலத்துக்குச் செயலி செய்யும் தொண்டிக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், "சொந்தமாகவே ஒரு லேயர்-2 போட்டு, அக்கவுண்ட் அப்ஸ்ட்ராக்‌ஷனை அதற்குள்ளேயே பதித்துவிடலாமே அண்ணே?" என்கிறார். (லேயர்-2 என்பது எத்தீரியம் என்ற பெரிய செயினின் மேல் மலிவாக ஓடும் துணைச் செயின்.)

சாதாரண எத்தீரியம் கணக்கை நடத்துவது ஒரே ஒரு ரகசியச் சாவி. சாவி போனால் பணமும் போச்சு. அக்கவுண்ட் அப்ஸ்ட்ராக்‌ஷன் என்றால் கணக்கே ஒரு சிறு நிரலாகிவிடும். யார் கையெழுத்து செல்லும், ஒருநாளைக்கு எவ்வளவு எடுக்கலாம், சாவி தொலைந்தால் யார் சேர்ந்து மாற்றித் தரலாம் என்பதையெல்லாம் அந்த நிரல் பார்த்துக்கொள்ளும். மகளிர் சுய உதவிக் குழுவின் வங்கிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஊக்குநர் தனியாகப் போய்ப் பணம் எடுத்துவிட முடியாது, பிரதிநிதியின் கையெழுத்தும் வேண்டும். அந்த விதியை இங்கே வங்கிக்குப் பதில் கணக்கே காக்கிறது.

விதியை எங்கே வைப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. செயினுக்கு மேலே ஒரு ஒப்பந்தமாக (செயினில் பதிந்து இயங்கும் நிரலாக) வைக்கலாம். பழைய சாவிக் கணக்கின் மேல் ஒட்டலாம். கணக்கு நிரலை நேரடியாகவே புரிந்துகொள்ளும் லேயர்-2 ஒன்றுக்குக் குடியேறலாம். இல்லையென்றால் அப்படி ஒன்றை நாமே கட்டலாம். என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: செயினுக்குள்ளேயே பதித்த முறைதான் சுத்தமானது. ஆனாலும் இந்தக் கரையிலிருந்து கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு நான் இன்று கைகாட்டுவது முதல் வழியைத்தான்.

(எடைச் சீட்டுக்குச் செயினே வேண்டுமா என்று கேட்டால், பல சமயம் வேண்டாம். குழு, வியாபாரி, கம்பெனி மூவரும் ஒருவர் நோட்டை ஒருவர் நம்பாத இடத்தில் மட்டும் யோசியுங்கள்.)

## எதை வைத்துப் பார்ப்பது

பலரும் கேஸ் கட்டணத்தில், அதாவது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் செயினுக்குக் கட்டும் கூலியில், ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய விஷயம். 2024 மார்ச் 13 அன்று எத்தீரியத்தின் டென்கன் மேம்பாட்டில் பிளாப் என்ற மலிவான தற்காலிகத் தரவு இடம் வந்த பிறகு, லேயர்-2க்கள் முதல் அடுக்கில் (எத்தீரியத்தில்) தரவு எழுதும் செலவு பெரிதாக இறங்கிவிட்டது. சில ஆயிரம் கேஸ் கூடக் குறைய இருப்பது, சின்னச் செயலி ஒன்றின் தலைவிதியை மாற்றப்போவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது போன். பெப்சி பாசி (கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி) போட்டவர்கள் 45 நாளுக்கு ஒருமுறை அறுவடைக்காகத் தண்ணீரில் இறங்கி மிதவையை இழுக்கிறார்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன், அதுவும் பல வீடுகளில் இரண்டு பேருக்கு ஒன்று, சுற்றிலும் உப்புத் தண்ணீர். போன் போகும். போகுமா போகாதா என்ற கேள்வியே கிடையாது. சாவியை மீட்க உதவும் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைத் தாளில் எழுதிப் பத்திரமாக வையுங்கள் என்று இவர்களிடம் சொல்லும் செயலி முதல் நாளே தோற்றுவிடும்.

அடுத்தது, கட்டணத்தை யார் கட்டுவது. இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. அதே ஆண்டு ஜூலை 1 முதல் கைமாறும்போது 1 சதவீத டிடிஎஸ். எடைச் சீட்டில் கைநாட்டு வைப்பதற்காக ஓர் அக்கா எக்ஸ்சேஞ்சில் கேஒய்சி கொடுத்து, கேஸ் கட்ட ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) வாங்கி வைத்திருக்க வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? ஆகவே பயனருக்குப் பதில் வேறொருவர் கேஸ் கட்டும் ஏற்பாடு, அதாவது பேமாஸ்டர், இங்கே கூடுதல் வசதி அல்ல. அது இல்லாமல் செயலியே இல்லை.

மூன்றாவது, பயனருக்கும் செயினுக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்களில் ஒருவர் கடையை மூடினால் என்ன ஆகும். நான்காவது, நாளைக்கு வேறு செயினுக்கு மாற முடியுமா. ஐந்தாவது, இரவு பத்து மணிக்கு ஏதாவது நின்றுபோனால் சரிசெய்யப்போவது யார். இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு இந்த ஐந்தாவதுதான் பெரும்பாலும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அட்டவணைக்கு முன் சில பெயர்கள்: பண்ட்லர் என்பவர் பயனர்களின் கோரிக்கைகளைத் திரட்டிச் செயினுக்கு அனுப்புபவர். ரிலேயர் உங்கள் கையெழுத்தை வாங்கித் தன் செலவில் அனுப்புபவர். சீக்வென்சர் லேயர்-2இல் பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்திச் சேர்ப்பது. இஆர்சி, இஐபி, பின்னால் வரும் ஆர்ஐபி மூன்றும் எத்தீரியம் உலகின் முன்மொழிவு வரிசைகள்.

| வழி | போன் போனால் | கேஸ் | நடுவில் நிற்பவர் | வேறு செயினுக்கு மாற |
|---|---|---|---|---|
| இஆர்சி-4337 | விதி எழுதியிருந்தால் மீட்கலாம் | பேமாஸ்டர் | பண்ட்லர் | எளிது |
| இஐபி-7702 | பாதி மீட்பு. மூலச் சாவி சாகாது | பேமாஸ்டர் அல்லது ரிலேயர் | பெரும்பாலும் பண்ட்லர் | எளிது |
| உள்ளேயே பதித்த லேயர்-2 | மீட்கலாம் | செயினுக்குச் செயின் வேறுபடும் | சீக்வென்சர் மட்டும் | கடினம் |
| சொந்த லேயர்-2 | நீங்கள் கட்டுவதைப் பொறுத்தது | நீங்களே | நீங்களே | மிகக் கடினம் |

## வழி 1: இஆர்சி-4337, செயினுக்கு மேலே ஓர் அடுக்கு

2021இல் முன்மொழியப்பட்டு 2023 மார்ச்சில் எத்தீரியத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. செயினின் அடிப்படை விதிகளைத் தொடாமலே வேலை செய்யும்படி வடிவமைத்ததுதான் இதன் சாமர்த்தியம். பயனர் ஒரு கோரிக்கையில் கையெழுத்திடுகிறார். அது மெம்பூல் என்ற தனிக் காத்திருப்புப் பட்டியலுக்குப் போகிறது. பண்ட்லர் என்பவர் அப்படிப்பட்ட கோரிக்கைகளைத் திரட்டி, என்ட்ரிபாயிண்ட் என்ற பொது ஒப்பந்தத்துக்குச் சாதாரணப் பரிவர்த்தனையாக அனுப்புகிறார். என்ட்ரிபாயிண்ட் உங்கள் கணக்கு நிரலிடம் "இந்தக் கையெழுத்து சரிதானா?" என்று கேட்டு, சரியென்றால் செயல்படுத்துகிறது. கட்டணத்தைக் கணக்கோ பேமாஸ்டரோ கொடுக்கும்.

கைரேகையால் திறக்கும் பாஸ்கீயைச் சாவியாக வைக்கலாம். போன்கள் பாஸ்கீக்குப் பயன்படுத்தும் பி-256 வளைவு (கையெழுத்தின் பின்னுள்ள கணிதம்) எத்தீரியத்தின் வழக்கமான வளைவு அல்ல. அதை சாலிடிட்டியில் (எத்தீரியம் ஒப்பந்தங்களை எழுதும் மொழி) சரிபார்த்தால் இரண்டு மூன்று லட்சம் கேஸ் ஆகும். லேயர்-2க்கள் தங்களுக்குள் சேர்த்துக்கொள்ளும் ஆர்ஐபி-7212 என்ற வசதி அதையே 3,450 கேஸில் முடித்துத் தருகிறது. 2024 ஜூலையில் ஃப்ஜார்ட் மேம்பாட்டோடு ஆப்டிமிசம், பேஸ் என்ற லேயர்-2க்கள் அதைச் சேர்த்துக்கொண்டன. 2025 டிசம்பர் 3 அன்று ஃபுசாகா மேம்பாடு வந்ததும் எத்தீரியம் முதன்மைச் செயினிலேயே அந்த வசதி இருக்கிறது, அங்கே விலை 6,900 கேஸ். எந்த லேயர்-2 எடுத்தாலும் இந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். சாதாரணப் பரிமாற்றத்துக்கு 21,000 கேஸ். அதே வேலை 4337 வழியாகப் போனால் சில மடங்கு கூடும். கணக்கு நிரல் முதல் பரிவர்த்தனையோடுதான் செயினில் பதிவாகும் என்பதால், முதல் தடவை செலவு தனியாகக் கனக்கும். ஆயிரம் பேரைச் சேர்க்கும் முகாம் நடத்தினால் அந்த ஆயிரம் முதல் செலவும் உங்கள் பேமாஸ்டர் தலையில் விழும். இதைத் திட்டத்தில் எழுதாமல் விட்டவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். கணக்கு பதிவாவதற்கு முன்பே அதன் முகவரி தெரிந்துவிடும் என்பது ஓர் ஆறுதல். முகாமில் முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு, முதல் எடைச் சீட்டு வரும்போது கணக்கைப் பதியலாம்.

பேமாஸ்டரில் போட்டுவைத்த பணத்தை வீணடிக்கவென்றே யாராவது உங்கள் செயலியைச் சுழற்றிச் சுழற்றி அழுத்தலாம். ஆளுக்கு ஒருநாள் வரம்பு, அழைக்கக்கூடிய ஒப்பந்தங்களின் பட்டியல் இரண்டும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். என்ட்ரிபாயிண்ட் 0.6, 0.7, 0.8 என்று மாறி வந்திருக்கிறது. பண்ட்லர் நிறுவனம் பழைய பதிப்பைக் கைவிட்டால் உங்கள் கணக்குகளை மேம்படுத்த வேண்டிவரும். கணக்கு நிரலை மேம்படுத்தக்கூடியதாக எழுதவில்லை என்றால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று 4337க்கு மட்டும் உரியதல்ல, பாஸ்கீ வைக்கும் எல்லா வழிக்கும் பொருந்தும். பாஸ்கீ உங்கள் இணையதளப் பெயரோடு கட்டுண்டது. டொமைன் புதுப்பிக்காமல் காலாவதியானால் அந்தப் பெயரில் உண்டான சாவிகள் எதுவும் திறக்காது. பணம் செயினில் பத்திரமாக இருக்கும், தொட முடியாது. ஆகவே பாஸ்கீயோடு சேர்த்து மீட்பாளர்களையும் வையுங்கள். கீழக்கரைக் குடும்பக் கணக்கென்றால் துபாயில் இருக்கும் அண்ணன், வீட்டில் அம்மா, பக்கத்துத் தெரு மச்சான் என்று மூன்று பேரை வைத்து, எந்த இருவர் சேர்ந்தாலும் சாவியை மாற்றலாம், மாற்றம் இரண்டு நாள் கழித்துத்தான் நடப்புக்கு வரும் என்று எழுதலாம். அந்த இரண்டு நாள் எதற்கென்றால், திருட்டு முயற்சியானால் பழைய சாவிக்காரர் ரத்து செய்வதற்கு.

புதிய பயனர்கள், சிறிய குழு, ஒன்றுக்கு மேற்பட்ட செயின்களில் கால்வைக்க ஆசை என்றால் இதுதான் சரி.

## வழி 2: இஐபி-7702, பழைய கணக்கில் ஒட்டு

2025 மே 7 அன்று பெக்ட்ரா மேம்பாட்டோடு வந்தது. ஏற்கெனவே இருக்கும் சாவிக் கணக்கு, "என் சார்பில் இந்த ஒப்பந்தத்தின் நிரல் இயங்கட்டும்" என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். முகவரி மாறாது, பணத்தை நகர்த்த வேண்டாம், பல வேலைகளை ஒரே அழுத்தலில் முடிக்கலாம், கேஸை வேறொருவர் கட்டலாம். என்ட்ரிபாயிண்ட் 0.8 இதையும் ஏற்கிறது.

குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. மூலச் சாவி சாவதில்லை. கணக்கில் பாஸ்கீ சேர்க்கலாம், வரம்பு வைக்கலாம், எதைச் செய்தாலும் பழைய சாவி கையில் உள்ளவர் அத்தனையையும் தாண்டிப் போய்விடலாம். போன் கடலில் விழுந்தால், முன்பே வேறு சாவி சேர்த்திருந்தால் பணத்தை எடுத்துவிடலாம். போன் திருடுபோய்ச் சாவி கசிந்தால் பூட்டை மாற்ற வழியில்லை. புதிய கணக்குக்கு ஓட வேண்டியதுதான். ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்துதான் எடுக்கலாம் என்ற விதிக்கும் இதனால் அர்த்தமில்லாமல் போகிறது.

மோசடிக்காரர்களுக்கு இது புதிய வாசலும்கூட. கெட்ட ஒப்பந்தத்துக்கு அனுமதி கொடுக்கும் ஒரே கையெழுத்தை வாங்கிவிட்டால் கணக்கைக் காலி செய்துவிடலாம். அனுமதியில் செயின் எண் பூஜ்யம் என்று இருந்தால் அது எல்லாச் செயின்களிலும் செல்லும் என்பதையும் கவனியுங்கள்.

ஏற்கெனவே மெட்டாமாஸ்க் போன்ற வாலெட் (சாவியை வைத்திருக்கும் செயலி) வைத்திருக்கும் ஆட்களுக்கு மட்டும் இதை எடுங்கள். பாசிக் குழுவில் அப்படி யார் இருக்கிறார்கள்?

## வழி 3: கணக்கு நிரல் உள்ளேயே இருக்கும் லேயர்-2

இங்கே இரண்டு பெயர்கள் முக்கியம். ஸ்டார்க்நெட்டில் சாவிக் கணக்கு என்ற வகையே கிடையாது; ஒவ்வொரு கணக்கும் சரிபார்க்கும் பகுதியும் செயல்படுத்தும் பகுதியும் கொண்ட ஒப்பந்தம். 2023 மார்ச்சில் பொதுவில் திறந்த இசட்கேசிங்க் எரா வேறு வழி எடுத்தது. பழைய சாவிக் கணக்குகளையும் ஒரு பொது நிரலால் ஓட்டி, எல்லாக் கணக்கையும் ஒரே பாதையில் நடத்தியது.

இதில் கிடைக்கும் பெரிய லாபம் கேஸ் அல்ல, நடுவில் ஆள் இல்லாததுதான். தனி மெம்பூல் வேண்டாம், பண்ட்லருக்கு மாதச் சந்தா வேண்டாம், ஏதாவது நின்றால் "பண்ட்லரா, செயினா, பேமாஸ்டரா?" என்று மூன்று இடத்தில் தேட வேண்டாம். சீக்வென்சரே கணக்கு நிரலை இயக்கிப் பார்த்துச் சேர்க்கிறது. எரா வடிவமைப்பில் சாதாரணச் சாவிக் கணக்கு வைத்திருப்பவர்கூட பேமாஸ்டரைப் பயன்படுத்தலாம். 7702 ஒட்டாத வெறும் சாவிக் கணக்குக்கு 4337இல் அது கிடையாது.

"உள்ளேயே" என்ற சொல்லை நம்பி எல்லாமே உள்ளே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டார்க்நெட்டின் பரிவர்த்தனை வடிவத்தில் பேமாஸ்டருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நடைமுறையிலோ வேறொரு கணக்கு உங்கள் கையெழுத்தை வாங்கித் தன் செலவில் அனுப்பும் முறைதான் ஓடுகிறது. அதாவது பண்ட்லர் போய் ரிலேயர் வந்தார். நமக்கோ பேமாஸ்டர்தான் உயிர்நாடி.

சரிபார்க்கும் நிரலுக்கு இருக்கும் கட்டுப்பாடும் தெரிந்திருக்க வேண்டியது. கட்டணம் யார் கட்டுவார் என்று தெரிவதற்கு முன்பே சீக்வென்சர் யாரோ எழுதிய நிரலை இயக்க வேண்டியிருக்கிறது. பத்தாயிரம் கோரிக்கைகள் ஒரே நொடியில் செல்லாமல் போகும்படி ஒருவன் ஏற்பாடு செய்தால், சீக்வென்சர் அத்தனையையும் இலவசமாக இயக்கிவிட்டு வெறுங்கையோடு நிற்கும். அதனால்தான் ஸ்டார்க்நெட்டில் சரிபார்க்கும்போது வெளி ஒப்பந்தங்களை அழைக்கக் கூடாது, அந்த நேரத்தில் தெரியும் மணியும் நிமிடத்தை விட்டுவிட்டுக் கடைசி முழு மணியைத்தான் காட்டும். பத்து நிமிடத்தில் காலாவதியாகும் தற்காலிகச் சாவி ஒன்றைச் சரிபார்க்கும் பகுதியில் எழுத நினைத்தால் இங்கே தடுக்கும். 4337இலும் பண்ட்லர்கள் இதேபோன்ற விதிகளை வைத்திருக்கிறார்கள், காரணமும் அதேதான்.

மாறிப்போவதுதான் உண்மையான விலை. ஸ்டார்க்நெட் என்றால் நிரலைக் கைரோ மொழியில் எழுத வேண்டும். கைரோ தெரிந்த ஆள் விலகிப்போனால் அடுத்தவரை ராமநாதபுரத்தில் தேடிப் பிடிப்பது லேசல்ல. எரா வடிவமைப்பில் சாலிடிட்டி எழுதலாம்; ஆனால் அதன் சொந்த எந்திரத்துக்குத் தனி கம்பைலர், ஒப்பந்த முகவரி கணக்கிடும் முறையும் வேறு. வேறு செயினில் அதே முகவரியைப் பெற முடியும் என்று நம்பிப் பணம் அனுப்பியவர்கள் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம் இது.

செயின்களே மனம் மாறுவதும் உண்டு. ஆப்டிமிசத்தின் முதல் பதிப்பில் கணக்குகள் ஒப்பந்தங்களாகத்தான் இருந்தன. 2021 நவம்பரில் எத்தீரியத்துக்கு நிகரான வடிவத்துக்கு மாறியபோது அதை எடுத்துவிட்டார்கள். எத்தீரியத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறோமோ, அவ்வளவுக்கு ஒவ்வொரு மேம்பாடும் கூடுதல் வேலை வைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஒரு நிகழ்வை வைத்தே அடுத்த வழியையும் எடைபோடலாம்.

எல்லாப் பயனரும் புதியவர், ஒரே செயினில்தான் இருக்கப்போகிறீர்கள், பரிவர்த்தனைகள் மிக அதிகம், அந்த மொழி தெரிந்தவர் குழுவில் ஒருவருக்கு மேல் உண்டு. இந்த நான்கும் சேர்ந்தால் இதை எடுங்கள். மூன்று இருந்தால்கூட நான் தயங்குவேன்.

## வழி 4: சொந்த லேயர்-2, உள்ளேயே பதித்து

தொண்டிக்காரரின் கேள்வி நியாயமானதுதான். இன்றைக்கு ஓபி ஸ்டாக் போன்ற கருவிகளால் செயின் எழுப்புவது எளிது. உள்ளே கணக்கு நிரலைப் பதிப்பதற்கு ஆர்ஐபி-7560 என்ற வரைவும் இருக்கிறது. 4337இன் பாகங்களைப் புதிய பரிவர்த்தனை வகையாகச் செயினுக்குள் கொண்டுவருவது அது. எத்தீரியம் பக்கத்தில் இஐபி-7701 என்று வேறு வடிவமும் பேசப்படுகிறது. 2017இல் இஐபி-86, 2020இல் இஐபி-2938 என்று இதற்கு முன்பும் முயன்றிருக்கிறார்கள். இரண்டும் முதன்மைச் செயினுக்குள் நுழையவில்லை. இன்றைய வரைவை வைத்து நீங்கள் கட்டினால், நாளை எத்தீரியம் வேறு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தனித்து நிற்பீர்கள்.

வேலை எங்கே பெருகுகிறது என்று பாருங்கள். புதிய பரிவர்த்தனை வகை என்றால் கிளையன்ட் மென்பொருளைத் திருத்த வேண்டும். அதோடு முடியாது: தவறு நிரூபிக்கும் நிரலும் (செயின் தப்பான கணக்கைச் சொன்னால் முதல் அடுக்கில் அதைக் காட்டிக்கொடுப்பது) அதே விதியைப் புரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் நிரூபணமும் செயினும் வேறு வேறு பதில் சொல்லும். எக்ஸ்ப்ளோரர் (பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் தளம்), கேஸ் கணிப்பு, வாலெட் எல்லாவற்றுக்கும் ஒட்டு வேலை. எத்தீரியம் 2025இல் மட்டும் பெக்ட்ரா, ஃபுசாகா என இரண்டு பெரிய மேம்பாடுகளைக் கண்டது. ஒவ்வொன்றுக்கும் உங்கள் திருத்தத்தை மறுபடி பொருத்த வேண்டும்.

பலர் யோசிக்காத இடம் அவசர வழி. சீக்வென்சர் உங்கள் பரிவர்த்தனையை எடுக்க மறுத்தால், முதல் அடுக்கிலிருந்து வலுக்கட்டாயமாகச் செலுத்தும் வழி ரோல்அப்களில் (முதல் அடுக்கில் தரவை எழுதிவைக்கும் லேயர்-2க்களில்) உண்டு. ஓபி ஸ்டாக்கில் அது டெபாசிட் பரிவர்த்தனை. 4337 கணக்கென்றால், முதல் அடுக்கில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் பயனரின் கையெழுத்திட்ட கோரிக்கையை என்ட்ரிபாயிண்ட்டுக்கான டெபாசிட்டாக வைத்து அனுப்பிவிடலாம். நீங்கள் புதிதாகச் சேர்க்கும் பரிவர்த்தனை வகை அந்த வாசலுக்குள் தானாக நுழையாது. வெறும் பாஸ்கீ வைத்திருக்கும் கடற்கரைப் பயனருக்கு முதல் அடுக்கில் கணக்கே கிடையாது. அந்த வாசலைத் தனியாக வடிவமைக்காவிட்டால், சீக்வென்சர் நடத்தும் உங்கள் தயவில்தான் அவர் பணம் இருக்கும். அப்புறம் எதற்கு ரோல்அப், ஒரு டேட்டாபேஸ் போதுமே.

மாதச் செலவும் சும்மா இருக்காது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது ஏலம் படுத்துவிடும், சீக்வென்சரும் சர்வர்களும் மட்டும் பில்லை ஏற்றிக்கொண்டே ஓடும். பொதுச் செயினில் இருந்தால் அந்த 61 நாளும் உங்களுக்குக் கிட்டத்தட்ட இலவசம்.

பல மாவட்டச் சங்கங்கள் சேர்ந்து, முழுநேரப் பொறியாளர்களை வைத்து நடத்தும் அளவுக்கு வளர்ந்தால் இதைத் திரும்ப எடுக்கலாம். அப்போதும் புதிய பரிவர்த்தனை வகையை நீங்களே எழுதுவதைவிட, அதை ஏற்கெனவே தாங்கும் ஸ்டாக்கை எடுப்பது மேல்.

## அப்படியென்றால் இப்போது என்ன செய்வது

பாசிக் குழுவுக்கு: ஆர்ஐபி-7212 உள்ள பொது லேயர்-2, 4337 கணக்கு, பாஸ்கீ சாவி, குழுவின் மூவரில் இருவர் என்ற விதி. ஒரே போனை இருவர் பயன்படுத்தும் வீட்டில் அந்தப் போனின் திரையைத் திறக்கத் தெரிந்த எல்லாருமே கையெழுத்துப் போடலாம் என்பதால், மூவரும் மூன்று வீட்டுப் போன்களில் இருக்க வேண்டும் என்பதைச் சேர்க்கையின்போதே கேட்டுவிடுங்கள். கீழக்கரைத் தம்பிக்கும் இதேதான். துபாய் அண்ணனிடம் ஏற்கெனவே வாலெட் இருந்தால் அவர் பக்கம் மட்டும் 7702 போடலாம். தொண்டிக்காரர் முதல் சீசனைப் பொதுச் செயினில் ஓட்டட்டும்.

மூவருமே கணக்கு நிரலை எழுதும்போது சரிபார்க்கும் பகுதியையும் செயல்படுத்தும் பகுதியையும் தனித்தனிக் கோப்பாக வையுங்கள், என்ட்ரிபாயிண்ட் முகவரியை உள்ளே கல்வெட்டாகப் பொறிக்காதீர்கள். ஆர்ஐபி-7560 போன்ற ஒன்று நிலைபெற்று உங்கள் லேயர்-2 அதை ஏற்கும் நாளில், பயனரின் முகவரியும் பாஸ்கீயும் அப்படியே இருக்க, பண்ட்லரை மட்டும் கழற்றிவிட முடியும். பண்ட்லர் நிறுவனத்தோடு ஆண்டு ஒப்பந்தம் போடாதீர்கள், மாதக் கணக்கே போதும். இரண்டாவதாக இன்னொரு பண்ட்லரின் முகவரியும் செயலிக்குள் இருக்கட்டும். முதலாமவர் பதில் சொல்லாத ராத்திரியில் அது உங்களுக்குத் தூக்கத்தைக் கொடுக்கும்.